ஆளுக்கொரு குடை

வானிலை அலுவலகத்துக்குள் மச்சினன் புயலாக நுழைந்தான். அந்தப் புயலையும் அலுவலகம் முன்னறிவித்திருக்கவில்லை.

"மாமா, 'ஓரிரு இடங்களில் மழை'ன்னு எழுதினது நீங்கதானே? அந்த ஓரிரு இடம் என் சூளைதானா?"

காயவைத்த செங்கல்லில் பாதி காலை மழையில் கரைந்து சேறாகியிருந்தது.

அறிக்கை எழுதும் மாமா பல்லைக் கடித்தார். அவர் 'கனமழை' என்றுதான் எழுதியிருந்தார். போன மாதம் அப்படி எழுதிய நாளில் வெயில் மண்டையைப் பிளக்க, ஊரே சிரித்தது. அன்றிலிருந்து அதிகாரி எதையும் 'ஓரிரு இடங்களில் மழை' என்றே திருத்துவார். பெய்தாலும் தப்பிக்கலாம், பெய்யாவிட்டாலும் தப்பிக்கலாம்.

"நாங்க அறிவியல்படி..."

மச்சினன் மூலையைப் பார்த்தான். ஏழு குடைகள் ஈரம் சொட்டின.

"இங்க எத்தனை பேரு வேலை பாக்கறீங்க?"

"ஏழு பேர்."

"ஊருக்கு ஓரிரு இடம், உங்களுக்கு ஆளுக்கொரு குடையா? நல்லா இருக்கு மாமா உங்க அறிவியல்!"

மாமாவுக்குக் காது சிவந்தது. கோபத்தில் முக்கால்வாசி தன் மேலேயே. நாளைய அறிக்கையில் அதிகாரியின் திருத்தத்தை அடித்துவிட்டு, 'எல்லா இடங்களிலும் கனமழை' என்று எழுதி, தானே வானொலிக்கு அனுப்பினார்.

"போய் மிச்சக் கல்லை மூடுடா. நாளைக்கு வெயிலடிச்சா, இங்க வந்து என்னை அடி!"