விடாத கை

குசாகா வாத்தியாருக்கு முறிந்தது இடது காறை எலும்பா, வலதா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. துறைமுகத்தில் ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். அன்றைக்கு மழை பெய்ததா என்பதும் மறந்துவிட்டது. இசோபே என்னோடு ஐஸ் ஆலையில் லாரி ஓட்டியவன், பேச்சுக் குறைவான ஆள். அவன் விட்டு விட்டுச் சொன்னதைத்தான் நான் கோத்து வைத்திருக்கிறேன். கோத்ததில் பிசகு இருக்கலாம். ஆனால் அந்தக் கையைப் பற்றி மட்டும் அவன் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் சொன்னான்.

அவன் மகன் தைச்சிக்குப் பதின்மூன்று வயது. பள்ளியில் குசாகா நடத்திய ஜூடோ குழுவில் இருந்தான். ஜூலையில், பயிற்சிக் கூடத்துக்குள் அனலடித்த ஒரு பிற்பகலில், தலை வலிக்கிறது, உட்கார்ந்துகொள்ளவா என்று கேட்டான். குசாகா அவனை இழுத்து நிறுத்தித் தூக்கிப் போட்டார். எழுந்தான். மறுபடி போட்டார். கால்கள் பின்னிக்கொள்ளும்வரை போட்டார். கடைசியில் பின்மண்டை பாயில் மோதிய சத்தம், வெளியே பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்த பையன்களுக்கே கேட்டதாம். வாந்தி எடுத்தான். கண் ஒரு பக்கமாகச் செருகியது. ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான், அவ்வளவுதான்.

பயிற்சியில் நேர்ந்த விபத்து, ஆசிரியரின் கை வழுக்கிவிட்டது என்றது பள்ளி. விபத்து நிதியிலிருந்து ஆஸ்பத்திரிச் செலவு தவறாமல் வந்தது. தலைமை ஆசிரியரும் குசாகாவும் கறுப்புக் கோட்டில் வந்து, நெற்றி தரையில் படக் குனிந்தார்கள். குசாகா விம்மி அழுதார். பதிலுக்குக் குனிந்து, அதோடு விட்டுவிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். இசோபே குனிந்தான். அவன் மனைவி சுமியே குனியவில்லை.

நகராட்சி மேல் நஷ்டஈடு வழக்குப் போட வேண்டும் என்றாள் சுமியே. வக்கீலைப் பார்த்தாயிற்று. தாய் தகப்பன் இருவரும் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையை வைத்தால்தான் மனு நகரும்.

"முத்திரை வைக்கப் போறீங்களா, இல்லையா?"

"அவர் எனக்கும் வாத்தியார் சுமியே. எங்கப்பா கடல்ல போனப்ப அவர்தான்..."

"சோறு போட்டாரு. தெரியும். அதுக்குப் பதிலா புள்ளையக் குடுத்துட்டீங்க. தீந்துச்சு, இல்ல?"

"கை வழுக்கிருச்சுன்னு அழுதாரே. நீயும் பாத்தியே."

"யாரு கை? இந்த ஊரையே தூக்கிப் போட்ட கையா?"

இசோபே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சூப்புக் கிண்ணம் பறந்து வந்து அவன் புருவத்தைக் கிழித்தது. சூப்பும் ரத்தமும் கன்னத்தில் வழிய, அவன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். சுமியே எழுந்து வந்து, கை ஓய்ந்துபோகும்வரை இரண்டு முஷ்டியாலும் அவன் முதுகில் குத்தினாள்.

வக்கீல் சமாசாரம் வெளியே போய்விட்டது. வாசலில் மீன் குடலைக் கொட்டினார்கள். காரின் டயரைக் கிழித்தார்கள். போனை எடுத்தால், "புள்ளைய வித்துக் காசு பாக்குறீங்களா?" என்றுவிட்டு வைத்தார்கள்.

பன்னோ நண்டுப் படகு வைத்திருப்பவன். இசோபேயோடு சேர்ந்து குசாகாவிடம் ஜூடோ படித்தவன். சாராயக் கடையில் இசோபே நுழைந்ததும் பன்னோ எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்:

"வாங்க கோடீஸ்வரரே! படுத்துக் கெடக்குற புள்ளைக்கு இப்ப என்ன வெலை?"

இசோபே உட்காரப் போனான்.

"வாத்தியார் மேல கேஸாடா? நீ மனுசனா நடமாடுறதே அவர் போட்ட பிச்சை."

முதல் குத்து வாயில் விழுந்தது. இருவர் கையைப் பிடித்துக்கொள்ள, பன்னோ நிதானமாக அடித்தான். உள்ளங்கையில் ஒரு பல்லைத் துப்பிவிட்டு இசோபே சொன்னான்: "நான் இன்னும் முத்திரை வைக்கல."

"வைக்க மாட்டேன்னு சொல்லு."

அதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று விழுந்து கிடக்கும்போதுதான் யோசித்தானாம், விலாவில் உதை விழுந்துகொண்டிருந்தபோது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சிக் கூடத்துக்குப் போனான். குசாகா தனியாகப் பாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னடா மூஞ்சி இது?"

"பன்னோ."

"முட்டாப் பய. நான் அவன்கிட்டப் பேசுறேன்." அலமாரியிலிருந்து களிம்பை எடுத்து வந்து அவரே தடவிவிட்டார். அந்த விரல்கள் சின்ன வயதில் பட்டது போலவே இருந்தன.

"சென்செய், அன்னிக்கி எப்படி வழுக்குச்சு?" வாத்தியாரை நாங்கள் சென்செய் என்றுதான் கூப்பிடுவோம்.

"வேர்வைடா. சட்டையெல்லாம் வேர்வை. தெனமும் கனவுல அதேதான் வருது."

"என்னைப் போட்டுக் காட்டுங்க."

குசாகா எழுந்து, அவனுக்கும் ஒரு பயிற்சிச் சட்டையைக் கொடுத்தார்.

எதிராளியின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு, காலை வாரிப் பின்பக்கமாகச் சாய்க்கிற வீச்சு அது. ஆள் விழும் கடைசி நொடியில், பிடித்திருக்கும் சட்டைக்கையை மேலே இழுக்க வேண்டும். இழுத்தால் முதுகு அடிபடும், தலை தப்பிக்கும். விட்டால் தலைதான் முதலில் போகும். குசாகா எங்கள் ஊர்ப் பிள்ளைகளை மூங்கில் பிரம்பால் முழங்கையில் அடித்து அடித்துப் பழக்கியது அந்த இழுப்பைத்தான். தூக்கத்தில்கூட விரல் திறக்கக் கூடாது என்பார்.

போட்டார். கை மேலே இழுத்தது. இசோபேயின் தலை பாயைத் தொடவில்லை.

இசோபே எழுந்து போய்க் கெட்டிலை எடுத்து வந்தான். தன் சட்டைக்கை இரண்டிலும் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டான். "இப்ப வழுக்கும்ல. போடுங்க."

போட்டார். ஈரத்தில் அந்த முரட்டுத் துணி விரல்களில் இன்னும் இறுகத்தான் செய்தது.

"இன்னொரு வாட்டி."

"போதும்டா!" குசாகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொண்டாட்டி பேச்சக் கேட்டுட்டு என்னை வேவு பாக்க வந்தியா? உன் பையன் கோழைடா. தலைவலின்னு நடிச்சான்."

கொல்லத்தான் பிடித்தேன் என்று இசோபே என்னிடம் சொன்னான். காலை வாரினான். கிழவர் காற்றில் பின்னோக்கிச் சாய்ந்தார். கையை விடு, விடு என்று மனம் கத்தியது. விரல் திறக்கவில்லை. கடைசி நொடியில் கை தானாக மேலே இழுத்தது. குசாகா தோள்பட்டை அடிபட விழுந்தார். ஐஸ் கட்டியில் விரிசல் ஓடுவது போல எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. தலை பாயைத் தொடவில்லை. அலறியவரை எழுப்பி நிறுத்தி மறுபடியும் போட்டான். அப்போதும் கை இழுத்தது.

இசோபே தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கொல்லணும்னு நெனச்சும் தொறக்கலையே, சென்செய். நீங்க எப்படித் தொறந்தீங்க?"

குசாகா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"கொஞ்சம் வலிச்சா புத்தி வரும்னு நெனச்சேன்," என்றார்.

ஆம்புலன்சுக்கு இசோபேதான் போன் செய்தான். அது வரும்வரை அவர் பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போய், "முத்திரை எங்க?" என்றான். சுமியே ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

அப்படி ஒரு வார்த்தையே சொல்லவில்லை என்று குசாகா கோர்ட்டில் மறுத்துவிட்டார். அதனால் இசோபே அந்தக் காலையில் நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆக, நீங்க கொலை பண்ணத்தான் போனீங்க?" என்றார் நகராட்சி வக்கீல்.

"ஆமா. முடியல. அதத்தான் சொல்ல வந்தேன்."

வழக்கு நாலு வருஷம் நடந்தது. கை வழுக்கியது என்பதை நீதிபதிகள் ஏற்கவில்லை. நகராட்சி நஷ்டஈடு கொடுத்தது. சட்டப்படி குசாகா கையிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அவர் மேல் குற்ற வழக்கும் வரவில்லை. அடித்ததற்காக இசோபே அபராதம் கட்டினான். குசாகா வேலையை விட்டு மகள் வீட்டோடு போய், அங்கேயே இறந்தார். பன்னோ இன்னும் நண்டு பிடிக்கிறான். எங்களைக் கண்டால் மறு பக்கம் பார்த்துக்கொண்டு போவான். ஜூடோ குழுவைச் சில வருஷம் மூடி வைத்து, மறுபடி திறந்துவிட்டார்கள். சுமியே மகனைப் புரட்டிப் படுக்க வைத்துப் படுக்க வைத்து, இடுப்பு வலியோடு நடக்கிறாள். இசோபே லாரி ஓட்டுகிறான். தைச்சி கண் விழிக்கவில்லை. தாடி முளைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாதான் மழித்துவிடுகிறான்.