தீய வைத்த சாமை

குனிந்து குனிந்து ரெபேக்காளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வயிறு அதைவிட மோசம். நேற்று மத்தியானம் குடித்த புளித்த கூழோடு சரி. யுத்தத்தால் பர்மா அரிசி நின்றுபோன மறு வருஷம் அது. வீட்டில் மகள் தேவசுந்தரி பிள்ளை பெற்றுப் பதினோரு நாள் ஆகிறது, பால் சுரக்கவில்லை. திருத்தணிக்குக் கிழக்கே பழங்காலத்துக் கல்வட்டப் புதைகுழிகளைத் தோண்டுகிற வேலை இருக்கும்வரைதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

பெண்களுக்குக் குழியில் கிடைக்கும் பானையோடுகளைக் கழுவும் வேலை. மண் ஒட்டியிருந்தால் புதைபொருள் ஆராய்ச்சிக்கு மெட்ராஸிலிருந்து வந்திருந்த ராஜகோபால் முகம் சுளிப்பார். அன்றைக்கு உடையாத சட்டி ஒன்று வந்தது. உள்ளே அடியெல்லாம் கருந்தீய்ச்சல். ரெபேக்காள் சாம்பலும் செங்கல்தூளும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

ராஜகோபால் சட்டியை எடுத்துப் பார்த்தார். அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய சனங்கள் என்ன சமைத்தார்கள் என்பதற்கு அந்தத் தீய்ச்சல் ஒன்றுதான் சாட்சியாம்.

“தீஞ்ச சட்டிய அப்படியே குடுத்தா என்னைய என்னா பொம்பளன்னு நெனைப்பீங்க சார்?”

மண் சலிக்கிற முனியன் விடவில்லை. “செத்தவன் வூட்டுச் சட்டியக்கூட வெளக்கிக்கினு கீறா. இனிமே ஒலை வெச்சிட வேண்டியதுதான்.”

அந்தப் பேச்சு ராஜகோபாலுக்கு யோசனையாகப் பட்டது. சட்டியின் கழுத்தடியில் நகக்கண் அளவு தீய்ச்சல் மிச்சம் இருந்தது. அந்தச் சனங்கள் தின்றது சாமையாக இருக்கும் என்பது அவர் ஊகம்; புதுச்சட்டியில் சாமையைத் தீய வைத்து, இரண்டையும் பூதக்கண்ணாடியில் ஒப்பிடலாம் என்றார். கடையில் சாமை ஏது? தான் கொண்டுவருவதாக ரெபேக்காள் முந்திக்கொண்டாள். செய்த தப்புக்கு வேலை போய்விடக் கூடாது. ஊருக்குள் போய், கௌரியம்மாள் விதைக்கு வைத்திருந்ததில் ஒரு படி கேட்டாள். திருப்பும்போது ஒன்றரையாக வேண்டும் என்று சொல்லி, கௌரியம்மாள் அவள் முந்தானையில் உயரத்திலிருந்து கொட்டினாள்.

மறுநாள் மூன்று கல் கூட்டி உலை வைத்தாள். சாமை வெந்து மணம் எழும்பியதும் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையை நிறுத்திவிட்டார்கள். இறக்கக் கூடாது, கிளறக் கூடாது என்பது ராஜகோபாலின் உத்தரவு.

“மேலாக்கக் கொஞ்சம் எடுத்துக்கிறேன் சார். பச்ச ஒடம்புக்காரி வூட்ல கீறா.”

“எடுத்தா அளவு மாறிடும்மா. தீய்ச்சல் வேற மாதிரி வந்துடும்.”

அவர் கெட்டவர் இல்லை. அன்று அவரும் சாப்பிடாமல்தான் நின்றார். கரண்டி இருந்தால் கை சும்மா இருக்காது என்று ரெபேக்காள் அதை முனியனிடம் கொடுத்துவிட்டு விறகைத் தள்ளினாள். கொதித்தது கெட்டியாகி, பழுப்பாகி, கரியாயிற்று.

ராஜகோபால் நெடுநேரம் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, பழைய சட்டியில் இருப்பது சாமை இல்லை என்றார். வேறு எதுவென்று அவருக்கும் தெரியவில்லை. சாமை யார் வீட்டுது என்று அவர் விசாரிக்கவில்லை. விலை கேட்டால் வேலைக்கு ஆபத்து என்று அவளும் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாளில் கூடாரத்தைப் பிரித்து, ஓடுகளைப் பெட்டியில் அடுக்கி ரயிலேற்றிவிட்டார்கள். தேவசுந்தரிக்குப் பால் சுரக்கவேயில்லை. ஆடி மழை பெய்த காலையில் கௌரியம்மாள் தெருமுனையில் வந்து நின்று கூப்பிட்டாள். ரெபேக்காள் அவளுக்குத் தர வேண்டியது ஒன்றரைப் படி சாமை.