எட்டாவது மைல் கல்லில் வண்டி திக்குகிறது

1

இந்தக் கதை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் எனக்குக் கிடைத்தது. யாரோ சொன்னார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். (இந்த இரண்டு வாக்கியங்களையும் முழுக்க நம்பிவிட வேண்டாம். ஐந்தாம் பகுதியில் திருத்திக்கொள்கிறேன்.)

பதினோரு முறை எழுத ஆரம்பித்தேன். பதினோரு முறையும் கதை ஒரே இடத்தில் நின்றுபோனது. ஒரு ஆரம்பம் இப்படி: 'கரிசல் காட்டைக் கீறிக்கொண்டு ஓடும் அந்தச் செம்மண் சாலையில்' — கரிசலில் செம்மண் எங்கிருந்து வந்தது? கிழித்துப் போட்டேன். இன்னொன்று பேய்க்கதைத் தோரணை: 'நள்ளிரவு. எங்கோ நரி' — நடந்ததெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில். அதையும் கிழித்தேன். இந்தத் தடவை மெக்கானிக்கிடமிருந்து ஆரம்பிக்கிறேன். இயந்திரம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் தைரியம்.

2

1959. ஐப்பசி பாதி போயும் மழை இறங்காத வருஷம். கோவில்பட்டியில் ஜாபர் அலியின் பட்டறைக்கு அந்த வண்டி நான்காவது தடவையாக வந்து நின்றது.

யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த சின்ன மிலிட்டரி வண்டி அது. பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு, நொடித்துப்போன லாரி ஒன்றின் டீசல் இஞ்சினை அதில் பூட்டியவரே ஜாபர் அலிதான். அதற்கென்று இரும்புப் பீப்பாய் ஒன்றை வெட்டி ஒட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எண்ணெய் டாங்கி வைத்ததும் அவர்தான். தான் செய்த வண்டி திக்குகிறது என்று நாலு பேர் பேசுவது அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"எங்கன திக்குது?" என்றார்.

"அதே எடந்தான் பாய்," என்றான் டிரைவர் சோலைமுத்து. "நாகலாபுரத்துல எண்ணெய் ஊத்தி, மூடிய ஸ்பானர் போட்டு முறுக்கித் தாராவ. மிளகா வத்தல் மூட்டைய ஏத்திக்கிட்டு வாரேன். எட்டாவது மைல் கல்லு வந்ததும் மூச்சு முட்டுன மாதிரி திக்குது. எறங்கி டாங்கி மூடியத் தொறந்து எண்ணெய் இருக்கான்னு பாக்கேன். இருக்கு. மூடிட்டு எடுத்தா ஓடுது."

"வேற எங்கயும் இல்லையா?"

"இல்லை." சோலைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தான். "இஞ்சின்ல கோளாறுன்னா சொல்லிருங்க பாய். இல்லைன்னா நான் அந்தப் பொம்பளை கால்ல போயி விழணும்."

3

அந்தப் பொம்பளை வெள்ளைத்தாய். எட்டாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில் கிடை போட்டு ஆடு மேய்க்கிறவள். ஆயுத பூஜைக்கு மறுநாள் அவள் புருஷனைப் பூச்சி கடித்துவிட்டது. (எங்கள் பக்கத்தில் பாம்பைப் பாம்பென்று சொல்லமாட்டோம்.) அவனை உடைமர நிழலில் கிடத்திவிட்டு, ரோட்டில் நின்று கை காட்டினாள். அப்போது வந்தது இந்த வண்டி. அவள் கை காட்டிய நேரமும் இஞ்சின் முதல் தடவையாகத் திக்கிய நேரமும் ஒன்றாகிவிட்டது. வேகம் குறைந்தது. நிறுத்துகிறார்கள் என்று நினைத்து அவள் ஓடிவந்தாள். வண்டி திக்கித் திக்கி அவளைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு பர்லாங் தள்ளி, வளைவுக்கு அப்பால், அவள் கண்ணுக்குப் படாத இடத்தில் நின்றது. இஞ்சினைப் பார்க்க நின்றது.

புருஷன் சாயங்காலம் செத்துப்போனான்.

பதினாறாம் நாள் கழிந்ததும் அவள் பழையபடி ஆட்டோடு வந்துவிட்டாள். வண்டி திக்கி நிற்கிறபோதெல்லாம் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் நிற்கிறாள். இஞ்சினுக்குத் தண்ணீர் தேவையோ என்று நினைக்கிறாளா, வேறு எதற்கா, தெரியவில்லை. ஒன்றும் பேசுவதில்லை. அந்தச் செம்பைத்தான் சோலைமுத்துவால் தாங்க முடியவில்லை.

சோலைமுத்து டீ குடிக்கப் போனபின் ஜாபர் அலி வண்டியைச் சுற்றி வந்தார். பில்டரை மூன்று தடவை கழுவியாயிற்று. எண்ணெய் பீச்சும் நாசில்களைப் பிரித்துப் பார்த்தாயிற்று. பைப்பில் காற்றுப் புகுந்திருக்குமோ என்று ஒவ்வொரு நட்டாக முறுக்கியாயிற்று. டாங்கி மூடியை இறுக முறுக்கி, இஞ்சினை ஓடவிட்டு, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது பீடி, மூன்றாவது பீடி. அரை மணி நேரம் கழித்து டாங்கி மூடியைத் திருகித் திறந்தார்.

ஸ்ஸ் என்று டாங்கி மூச்சை உள்ளே இழுத்தது.

அவருக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. பிறகுதான் புரிந்தது. மூடியின் நடுவில் காற்றுப் போக ஒரு துளை உண்டு. குண்டூசி நுழைகிற அளவு. அது இருந்த இடத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், மேலே குங்குமம், காய்ந்து கல்லாகிக் கிடந்தது. காற்றுப் போகாத டாங்கியிலிருந்து பம்பு எவ்வளவு எண்ணெயைத்தான் இழுக்கும்? எட்டு மைல் இழுக்கும். மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். அப்புறம் அவசரத்தில் அரைகுறையாக மூடுகிறவன் வண்டி கோவில்பட்டி வரை நன்றாக ஓடும்.

இத்தனை நாளும் அந்தச் சந்தனப் பொட்டை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்தவர் சாமிக்கு வைத்தது, நாம் கை வைக்கக்கூடாது என்று துணியை அதைச் சுற்றியே ஓட்டித் துடைத்திருந்தார். தன் மரியாதையை நினைத்து அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊசியால் துளையைக் குத்தித் திறந்தார். மேலே இருந்த குங்குமத்தை மட்டும் கலையாமல் விட்டார்.

4

இனி, சோலைமுத்துவிடம் சொல்வதா வேண்டாமா?

(முடிவு ஒன்று.) சொல்லிவிடுகிறார். சோலைமுத்து வயிறு குலுங்கச் சிரிக்கிறான். மறுநாள் எட்டாவது மைல் கல்லை முழு வேகத்தில் தாண்டுகிறான். செம்போடு எழுந்தவள் அப்படியே

எழுத முடியவில்லை.

(முடிவு இரண்டு.) சொல்லவில்லை. சோலைமுத்து போய் அவள் காலில் விழுகிறான். அவள் அழுகிறாள், மன்னிக்கிறாள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெள்ளைத்தாய் அழுது நான் பார்த்ததில்லை.

5

'நான் பார்த்ததில்லை' என்று எழுதிவிட்டேன். அழிக்காமல் விடுகிறேன்.

டீக்கடை பொய். அந்த வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து போனவன் நான். கமிஷன் கடை ஆள். மதியக் கூட்ஸ் ரயிலில் வத்தல் மூட்டையை ஏற்றிவிட வேண்டியது என் வேலை. ஆயுத பூஜைக்கு மறுநாள் அவள் கை காட்டியபோது சோலைமுத்து பிரேக்கில் காலை வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தான். "கூட்ஸ் போயிரும். போ," என்றேன். அவன் காலை எடுத்தான். இஞ்சின் திக்கியது அதற்குப் பிறகுதான். இதை அவன் ஜாபர் அலியிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று நாங்கள் கூட்ஸைப் பிடித்துவிட்டோம்.

நடந்தது இதுதான். ஜாபர் அலி மறுநாள் எங்களோடு வண்டியில் வந்தார், சோதித்துப் பார்க்கவென்று. மூடியை நாகலாபுரத்தில் அவரே ஸ்பானர் போட்டு முறுக்கினார். துளை திறந்திருந்தது, நானும் குனிந்து பார்த்தேன். ஆறாவது மைல், ஏழாவது மைல், இஞ்சின் கடிகாரம் போல ஓடியது.

"பாத்தியா சோலை," என்றார் அவர். "சந்தனந்தாம்லே அடைச்சிருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

எட்டாவது மைல் கல் தெரிந்தது. அதற்கு நேரே வந்ததும் வண்டி திக்கியது. இரண்டு உதறல். நின்றது.

நான் முதலில் பார்த்தது சோலைமுத்துவின் காலை. அது பிரேக்கில் இல்லை, ஆக்ஸிலேட்டரை அழுத்தியபடியே இருந்தது.

ஜாபர் அலி இறங்கி மூடியைத் திறந்தார். காதை வைத்துக் கேட்டார். டாங்கி மூச்சிழுக்கவில்லை. துளை வழியாக வெளிச்சம் தெரிந்தது. அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். "இதுக்கு எங்கிட்ட ஸ்பானர் இல்ல," என்றார், யாரிடமும் இல்லாமல்.

உடைமரத்துக்கு அடியிலிருந்து வெள்ளைத்தாய் எழுந்தாள். இந்தத் தடவை டிரைவர் பக்கம் போகவில்லை. சுற்றி வந்து என் பக்கக் கதவண்டை நின்றாள். செம்பை நீட்டினாள்.

"தண்ணி வேணுமா?" என்றாள்.

அவள் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன்.

6

பதினோரு தடவையும் கதை இந்த இடத்தில்தான் நின்றது. அடுத்து நான் சொன்னது ஒரு வரி. அதை எழுதப்போகும்போதெல்லாம் பேனா திக்குகிறது. மையும் இருக்கிறது, நிப்பும் சரியாக இருக்கிறது, கழுவிப் பார்த்துவிட்டேன்.

ஆகையால் என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். சீட்டு கொதிக்கும், வத்தல் நெடி மூக்கில் ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் இன்னும் செம்பை நீட்டியபடிதான் நிற்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம். எந்தச் சொல்லை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். 'போ' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அதை நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.