ஆல்டர்மியர் ஏரியில் முதலில் மூழ்கியவர் யார்?

1

இந்தக் கதை எனக்கு இறைச்சிக் கடை வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற திருமதி பார்ட்ரிஜ் ரேஷன் அட்டையை நீட்டியபடியே, "பெரிய வீட்டு ஹெஸ்டரம்மா ஏரிப் பக்கத்து ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டுட்டாங்களாம். கோடையிலகூடத் திறக்கறதில்லையாம்" என்றாள்.

கடைக்காரர் கத்தியைத் துடைத்தார். "வீட்டோட ஏரியும் சேர்த்துத்தான வந்துச்சு? பாக்கப் பிடிக்கலன்னா எனக்குக் குடுக்கச் சொல்லு. வாத்து வளர்க்கறேன்."

வரிசை சிரித்தது. வாரம் ஒரு கொலை எழுதிப் பிழைக்கிறவன் நான். மூடிய திரை என்றால் எனக்கு அதன் பின்னால் ஒரு பிணம் கிடக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன்:

பனி மூடிய ஏரியில் ஒரு கை மட்டும் மேலே தெரிந்தது. அதன் விரலில் இருந்த மோதிரம்—

(மோதிரமெல்லாம் இல்லை. கையும் தெரியவில்லை. அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கொலையே இல்லை என்பதுதான் என் கஷ்டம்.)

2

நடந்தது இவ்வளவுதான். ஆல்டர்மியர் மாளிகை அண்ணன் சர் ஆம்புரோஸுக்கு. எதிர்க்கரைக் காடு தம்பி லயனலுக்கு. நடுவில் இருந்த ஏரி யாருக்கு என்று அப்பா எழுதி வைக்கவில்லை. இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள்; பத்து வருஷத்துக்கு மேல் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

அந்தக் குடும்பத்துக் கல்லறைகள் ஏரி நடுவில் ஒரு தீவில் இருக்கின்றன. அப்பாவின் நினைவு நாளில் பிள்ளைகளே துடுப்புப் போட்டுப் போக வேண்டும், வேலைக்காரர்கள் கூடாது. என்ன சண்டை இருந்தாலும் அந்த வழக்கத்தை மட்டும் இருவரும் விடவில்லை. ஒரே படகில், எதிரெதிரே உட்கார்ந்து, ஊமைகளாகப் போய்வருவார்கள்.

அந்தப் படகு யாருடையது என்பதும் வழக்கில் இருந்தது. அண்ணன் தச்சனை அனுப்பினால் தம்பியின் வக்கீல் நோட்டீஸ் விடுவார். தம்பி ஓட்டையை அடைக்கத் தார் பூசினால் அது உரிமை கொண்டாடுவதாகும் என்று அண்ணனின் வக்கீல் எழுதுவார். பலகை இற்றுக்கொண்டே வந்தது. இருவருக்கும் தெரியும். தெரிந்தே ஏறினார்கள்.

ஒரு நினைவு நாளில் படகு ஏரியிலேயே பிளந்தது. உடல்களை ஒன்றாகத்தான் எடுத்தார்கள். ஆம்புரோஸின் கை தம்பியின் கோட்டுக் காலரைப் பிடித்திருந்தது. ஊர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது: "அமுக்கிட்டான்யா, பாவி."

3

(கொஞ்சம் சட்டம். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஆம்புரோஸுக்குப் பின் மாளிகை லயனலுக்கு. லயனல் அதற்கு முன்பே போயிருந்தால் ஆம்புரோஸின் ஒரே மகள் வினிஃப்ரெடுக்கு. தாத்தா காலத்து ஏற்பாடு அது. ஆக, யார் முதலில் மூழ்கினார் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

மாளிகையின் சாப்பாட்டு அறையில் வக்கீல் கிரிம்ஷா தொண்டையைச் செருமினார். "யாரு முதல்ல போனாங்கன்னு தெரியலன்னா, மூத்தவர் முதல்ல போனதாத்தான் சட்டம் எடுத்துக்கும்."

வினிஃப்ரெட் சிரித்தாள். "எதுலயும் தான்தான் முதல்ல வரணும்பார் அப்பா. இதுலயும் வந்துட்டாரா?"

"பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கிரிம்ஷா லயனலின் மனைவி ஹெஸ்டரைப் பார்த்தார். அவர்கள் குடியிருந்தது ஏரிக்கரையில்.

"நான் அடுப்படியில இருந்தேன்" என்றாள் ஹெஸ்டர்.

லயனல் சில நிமிடங்கள் அதிகம் வாழ்ந்ததாகச் சட்டம் வைத்துக்கொண்டது. மாளிகை அவர் வழியாக அவர் மனைவிக்கு வந்தது.

4

இனி வருவது நான் எழுதியது.

ஹெஸ்டர் அடுப்படியில் இல்லை, ஜன்னலில் நின்றிருந்தாள். படகு பிளந்ததும் லயனல் கல் மாதிரி உள்ளே போனதையும் பிறகு மேலே வராததையும் பார்த்தாள். நன்றாக நீந்தத் தெரிந்த ஆம்புரோஸ் கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டதைப் பார்த்தாள். அவர் திரும்பிப் பார்த்ததை, திரும்பிப் போனதை, தம்பி போன இடத்தில் முங்கியதை—

(இதை எழுதி முடித்ததும் வெளியே நடக்கப் போய்விட்டேன். அந்தப் பெண்மணி உண்மையிலேயே அடுப்படியில் இருந்திருக்கலாம். திரை வெயிலுக்காகவும் இருக்கலாம். ஒரு விதவையை ஜன்னலுக்கு இழுத்து வந்து நிறுத்தியவன் நான்தான். அவளைத் திரும்ப அடுப்படிக்கு அனுப்பப் பார்த்தேன். போகமாட்டேன் என்கிறாள்.)

5

முடிவுகள்.

அ) ஹெஸ்டர் உண்மையைச் சொல்கிறாள். மாளிகை வினிஃப்ரெடுக்குப் போகிறது. பத்திரிகை வாசகர்கள் கைதட்டுவார்கள். ஹெஸ்டரோ, கடலோர ஊர் ஒன்றில், ஒற்றை ஜன்னல் வைத்த வாடகை அறையில்— (நிறுத்தினேன். அவளுடைய ஏரிக்கரை வீட்டையும் காட்டையும் வழக்குக் கடன் தின்றுவிட்டது. அறுபது வயதுக்கு மேல் அவளைத் தெருவில் விட்டுவிட்டு யார் கைதட்டுவது?)

ஆ) மாளிகை தீப்பிடித்து எரிகிறது. (என் பழைய பழக்கம். கிழித்தாயிற்று.)

இ) இதுதான் நிஜத்தில் நடந்தது: வினிஃப்ரெட் சொத்தில் ஒன்றும் கேட்காமல் கனடாவுக்குக் கப்பலேறினாள். கொலைகாரனின் மகளாகவே போனாள். இதை மாற்ற என்னால் முடியாது. ஆனால் அவள் கப்பலேறியதற்கு முந்தின நாளுக்குப் போக முடியும்.

6

வினிஃப்ரெட் தன் அப்பாவின் பூட்ஸை எடுத்துக்கொள்ள வந்திருக்கிறாள். ஹெஸ்டர் தேநீர் ஊற்றுகிறாள்.

"கேக்காவது சாப்பிடு. முட்டை போடாததுதான். வாய்ல வச்சாச் சுமாரா இருக்கும்."

"வீடு உங்ககிட்டயே இருக்கட்டும் சித்தி. நான் அதுக்கு வரல. கூரை ஒழுகும், சொல்லிட்டேன்."

"தெரியும். வாளி வச்சிருக்கேன்."

இருவரும் சிரிக்கிறார்கள். வினிஃப்ரெட் கோப்பையைக் கீழே வைக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அப்பா சித்தப்பாவ அமுக்கினாரா, தூக்கினாரா?"

தூக்கினார் என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். பார்த்தேன் என்றால், யார் முதலில் என்று கேட்பாள். அதற்கப்புறம் இந்த மேஜை, இந்தக் கூரை, ஒழுகலுக்கு வைத்த வாளிகூட ஹெஸ்டருடையதில்லை. தெரியாது என்றால், ஒரு நல்ல மனிதன் என்றென்றைக்கும் கொலைகாரன்.

ஹெஸ்டர் வாயைத் திறக்கிறாள்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்களே சொல்லுங்கள். சொல்வதற்கு முன் ஒன்று: உங்களுக்குப் போக வேறு வீடு இருக்கிறதா?