பைப்புக்குக் கட்டுப் போட்டேன்

முப்பத்துநான்கு வருடம் நர்ஸாக நின்று ரிட்டயரானதும், ஜனக்புரி வீட்டு மாடியில் எனக்கென்று ஓர் அறை கட்டிக்கொண்டேன். ஓட்டுக்கூரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிய அறை. தில்லி முழுக்கக் கான்கிரீட். ஆகாயத்தில் போகும் விமானங்கள் என் சிவப்புக் கூரையை அடையாளம் வைத்துத்தான் பாலம் விமான நிலையத்தில் இறங்கின என்பது என் நம்பிக்கை.

ஒரே குறை. குளியலறையின் காற்றுப் பைப் ஓட்டைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் ஒழுகியது. கொத்தனார் ராம்ஸ்வரூப் மூன்று தடவை சிமென்ட் பூசினார். வெயிலில் பைப் நீண்டு சுருங்கியதில் மூன்று தடவையும் வெடித்தது. ஒழுகிய தண்ணீரில் மீன் வளர்த்திருக்கலாம்.

"ஏட்டி பிலோமி, இன்னொரு மட்டம் ஒழுகட்டும், ஓட்டப் பிரிச்சிட்டு லெண்டர் போட்டிருவேன்" என்றார் என் வீட்டுக்காரர் பென்சன். லெண்டர் என்றால் கான்கிரீட் தளம். முதல் மழைக்கு மறுநாளே கொத்தனாரை வரவும் சொல்லிவிட்டார்.

"ஒழுகாது. நான் பாத்துக்கிடுதேன்."

"என்ன செய்வ, பைப்புக்கு ஊசி போடுவியோ?"

"ஊசி இல்ல, கட்டு."

ஆபரேஷன் முடிந்த வயிற்றிலிருந்து டியூப் வெளியே வரும் இடத்தில் நான் பத்து லட்சம் கட்டுப் போட்டிருப்பேன். சரி, இரண்டாயிரம். அங்கே யாராவது சிமென்ட் பூசுவார்களா? டியூப் அசையும், தோல் அசையும். கட்டும் கூடவே அசைய வேண்டும்.

கரோல் பாக்கில் பழைய லாரி டியூப் வாங்கி, அகலமாக ஒரு துண்டு வெட்டினேன். நடுவில் பைப்பைவிடச் சிறிய ஓட்டை போட்டு, பைப்பின் தலைவழியே இழுத்து இறக்கினேன். ரப்பர் கழுத்தைக் கவ்விப் பிடித்தது. மேல் ஓரத்தை மேல்வரிசை ஓட்டுக்கு அடியில் செருகினேன். கீழ் ஓரத்தைக் கீழ்வரிசை ஓட்டின்மேல் விரித்தேன். வருகிற தண்ணீர் ரப்பர்மேல் வழுக்கி ஓட்டில் இறங்கிப் போய்விட வேண்டும். கழுத்தில் கிளிப் முடுக்கித் தார் தடவினேன். ஐம்பத்தொன்பது வயதில் கூரைமேல் நான் நின்ற அழகைப் பார்க்கத் தெருவே திரண்டது. தெரு என்றால் நான்கு பேர், ஒரு மாடு.

ஏணியைப் பிடித்திருந்த பென்சன், "விழுந்தேன்னா ஒன் சிநேகிதிமாரே சிரிப்பாளுவ" என்றார்.

ஜூலையில் மழை வந்தது. யமுனையே ஜனக்புரிக்குக் குடிவந்தது போலப் பெய்தது. பென்சன் பைப்புக்கு நேர்கீழே நாற்காலி போட்டு, வழுக்கைத் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சொட்டு விழுந்தால் அவர் ஜெயித்தார். ஒரு மணி நேரம் கழித்துத் தலையைத் தடவிப் பார்த்தார்.

"என்ன, நனஞ்சிருக்கா?"

"வேர்வ" என்றார்.

மறுநாள் ராம்ஸ்வரூப் லெண்டருக்கு அளவெடுக்க டேப்போடு வந்தார். மேலே ஏறி ரப்பரை அமுக்கிப் பார்த்தார். இறங்கி வந்து உள்ளே ஓட்டைத் தடவினார். காய்ந்து கிடந்தது.

"சிஸ்டர்ஜி, இதை எங்கே கற்றீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

"வயிற்றில்" என்று என் தொப்பையைத் தட்டிக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை.

பென்சன் தொண்டையைச் செருமிக்கொண்டார். லெண்டர் வேண்டாம் என்று அவரிடம் முணுமுணுத்தார். எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் காதில் கையை வைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.