பொன்னுராஜ் முதலாளியின் பச்சை வெளிச்சம்

வேதம் பொய்க்கலாம், பஞ்சாங்கம் பொய்க்கலாம், பெற்ற பிள்ளைகூடப் பொய்த்துப்போகலாம். மனிதனுடைய கண் மட்டும் ஒருகாலும் பொய் சொல்லாது. போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த பொன்னுராஜ் முதலாளி இதை நெஞ்சில் கை வைத்து, ஆள் கிடைக்கும்போதெல்லாம் சொல்வார். வடக்கேயிருந்து வரும் வியாபாரிகளின் கண் பொய் சொல்லட்டும் என்று, சரக்கு அடுக்கும் தன் கிட்டங்கிக் கூரையில் பச்சைநிற ஃபைபர் தகடு மாட்டியவரும் அவர்தான்.

எண்பத்திரண்டில், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அந்தத் தகடு ஏறியது. ஏலக்காய்க்கு நிறம்தான் விலை. பச்சை மாறாமல் இருந்தால் உச்சி விலை. வெளிறிப்போனால் கேட்க நாதியில்லை. மலையில் காயவைக்கிறபோது கொஞ்சம் பிசகினாலும் காய் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். அந்தக் காயைக் கொண்டுவந்து தகட்டுக்குக் கீழே கொட்டினால், இப்போதுதான் செடியை விட்டு இறங்கியதுபோல ஒரு களை வந்துவிடும். வியாபாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், ஏமாந்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். அந்த வெளிச்சம் அவருக்கே பிடித்துப்போனது. குளுமையாக இருக்கிறது என்று மேஜையை அதன் கீழே இழுத்துப் போட்டார். பக்கத்துச் சுவரில் ரசக்கண்ணாடியை மாட்டினார். மீசைக்கு மை பூசுவது வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று அந்தக் காரியத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டார். மீசை கருகருவென்று அமைந்துவிட்டதில் அவருக்குப் பரம திருப்தி. கடைசியில், மலைக்காரர்களிடம் காய் வாங்குவதையும் அந்த மேஜையிலேயே ஆரம்பித்துவிட்டார். மற்ற கடைகளில் தள்ளிவிட்ட காயை இவர் உச்சி விலைக்கு எடுப்பதைப் பார்த்த மலைக்காரர்கள், காயின் அருமை தெரிந்த மனிதர் போடியில் இவர் ஒருவர்தான் என்று ஜீப் ஜீப்பாக வந்து இறங்கினார்கள். அவர் மீசையை நீவிக்கொண்டு, "கண்ணு வேணும்யா, கண்ணு" என்பார்.

இந்தக் கண் பேச்சைக் கேட்டாலே ராமுத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் அந்தக் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சொத்தையையும் வெடிப்பையும் தள்ளி, நல்லதை மூட்டைக்கு அனுப்ப வேண்டும். அவளுக்கு இடது கண் பிறவியிலேயே சற்று ஒதுங்கிப் பார்க்கும். பொறுக்குகிற பெண்கள் எல்லோரும் அந்தத் தகட்டின் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கும் காய் பச்சையாகத்தான் தெரிந்தது.

தை மாசத்தில் பம்பாய் வியாபாரி ஒருவர், முன்பே சூடு பட்டவர், கிட்டங்கிப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். லாட்ஜில் உட்கார்ந்துகொண்டு, மூட்டையை அங்கே அனுப்பச் சொன்னார். காலையில் போன மூட்டை மதியம் அதே தள்ளுவண்டியில் திரும்பி வந்தது. இந்த வெளுப்பை மாட்டுக்குப் போடச் சொல் என்பது கூடவே வந்த செய்தி.

பொன்னுராஜ் தெருவில் இறங்காமல் வாசற்படியில் நின்றே மூட்டையைப் பார்த்தார். வெளுப்புதான். காலையில் தன் கண்ணாலேயே பச்சையாகப் பார்த்திருக்கிறார். கண் பொய் சொல்லாது. அப்படியென்றால் நடுவில் எவளோ காயை மாற்றியிருக்கிறாள். கடைசியாக மூட்டையைப் பொறுக்கிக் கட்டியவள் ராமுத்தாய்.

பெண்களைத் தெருவில் வரிசையாக நிற்கவைத்து முந்தானையை உதறச் சொன்னார். தூக்குவாளியைக் கவிழ்க்கச் சொன்னார். பஞ்சம்மாள் மடியிலிருந்து ரெண்டு ஏலக்காய்த் தொலி விழுந்தது. ராமுத்தாயிடமிருந்து ஒன்றும் விழவில்லை. ஒன்றுமே விழாததுதான் பழகின திருடிக்கு அடையாளம் என்று அவர் விளக்கம் சொன்னார். எதிர்க்கடைக்காரர்கள், டீ குடிக்க வந்தவர்கள், ஜீப் டிரைவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"ஏ ராமுத்தாயி, எங்கன பாக்குற? என்னையப் பாத்துப் பேசு."

"உங்களைத்தான் பாக்குறேன் முதலாளி."

"கேட்டுக்கிட்டீகளாய்யா? என்னையப் பாக்குறாளாம். முழி போற திசையப் பாருங்க. இது களவாணி முழி."

கூட்டம் சிரித்தது. ராமுத்தாய்க்குக் காது மடல் வரை எரிந்தது. போடியில் ஒரு கிட்டங்கியிலிருந்து திருடி என்று இறக்கிவிட்டால் இன்னொரு கிட்டங்கி வாசலை மிதிக்க விடமாட்டார்கள். போன வருசம் அப்படி இறங்கியவள் இப்போது தேனியில் கல் சுமக்கிறாள்.

முதலாளி உள்ளே போய் மேஜையிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்தார். தகட்டுக்குக் கீழே நின்று எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். காலையில் அதே மூட்டையிலிருந்து தன் கையால் ஒரு பிடி அள்ளிப் போட்டு வைத்த காய் என்றார். உள்ளே இருக்கிறது பச்சை, வண்டியில் கிடக்கிறது வெளுப்பு, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார்.

ராமுத்தாய் பார்த்தாள். போத்தலில் இருந்தது பச்சைதான். ஒரு கணம் அவளுக்கே, யார் மாற்றியிருப்பார்கள் என்று ஓடியது. தன் கண்ணே தனக்கு எதிராகச் சாட்சிக்கு நிற்பதுதான் அவளை வெறியாக்கியது. அந்த நேரம் பார்த்து முதலாளி இன்னொன்றும் சொன்னார்.

"உங்க ஆத்தா முழியப் பாத்திருந்தா உன்னைய அன்னைக்கே உள்ள விட்டிருக்க மாட்டேன்."

அவள் படியேறினாள். யோசித்து ஏறவில்லை. போத்தலை அவர் கையிலிருந்து பிடுங்கித் தெருவைப் பார்த்து விட்டெறிந்தாள். அது தள்ளுவண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்து நொறுங்கியது. காய் தார் ரோட்டில் வெயிலில் சிதறியது.

காய் வீணாகிறதே என்ற பழக்கத்தில் குனிந்து பொறுக்கப் போன பஞ்சம்மாள், பாதியில் நிமிர்ந்தாள்.

"ஏத்தா, இதுவும் வெளுப்பாத்தான கெடக்கு."

முதலில் வண்டிக்காரன் கூரையைப் பார்த்தான். பிறகு டிரைவர்கள். பிறகு தெருவே அண்ணாந்து பார்த்தது.

பொன்னுராஜ் இறங்கி வந்து ஒரு காயை எடுத்தார். உள்ளே போனார், பச்சை. வெளியே வந்தார், வெளுப்பு. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. பிறகு பேச ஆரம்பித்தார். தார் ரோட்டுச் சூடு பட்டால் எந்தக் காயும் நொடியில் நிறம் விடும் என்றார். இந்த வருசத்து வெயிலே ஒரு தினுசு என்றார். பம்பாய்க்காரர்களுக்கு நிறம் தெரியாது என்றார். தகடு விற்ற மதுரைக் கடைக்காரனை நம்பிக்கைத் துரோகி என்றார். அவருடைய கண்ணைத் தவிர எல்லாவற்றின் மேலும் குற்றம் இருந்தது.

"நான் எடுக்கலேன்னு சொல்லுங்க" என்றாள் ராமுத்தாய்.

"அதை இப்ப யாரு கேட்டா? போயி வேலையப் பாரு."

"இத்தனை பேரு முன்னால களவாணின்னீக. இத்தனை பேரு முன்னால எடுக்கலேன்னும் சொல்லுங்க."

"உன் முழியப் பாத்து தோணுச்சு. தோணுனதைச் சொன்னேன்." அவர் மீசையை நீவிக்கொண்டார். "அதுக்கு என்ன இப்போ?"

அவள் மறுபடி உள்ளே போனாள். சுவரிலிருந்த ரசக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். இதையும் எறியப்போகிறாள் என்று முதலாளி முகத்துக்குக் குறுக்கே கையை வைத்தார். அவள் எறியவில்லை. நடுத்தெருவில், உச்சி வெயிலில், அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"காயப் பச்சைன்னு சொன்ன கண்ணுதான முதலாளி என்னையக் களவாணின்னுச்சு. இந்தா, வெளிச்சத்துல வச்சு உங்களையும் ஒருக்கா பாத்துக்கங்க."

அவர் கையை விலக்கிப் பார்த்தார். மீசையை நீவப் போன விரல் அந்தரத்திலேயே நின்றது. பஞ்சம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பஜாரில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

"எறக்கு" என்றார், உதட்டை அசைக்காமல்.

அவள் இறக்கவில்லை.

"ராமுத்தாயி எடுக்கல."

"எனக்கே கேக்கல."

"ராமுத்தாயி எடுக்கலப்பா." இந்தத் தடவை லாட்ஜ் மாடியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

அவள் கண்ணாடியை வண்டியில், மூட்டைமேல் சாய்த்து வைத்துவிட்டு, தன் தூக்குவாளியைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மறுநாள் எதிர்க் கிட்டங்கியில் முறத்தோடு உட்கார்ந்தபோதும் அவளுக்கு ஆத்திரம் அடங்கியிருக்கவில்லை.

வெயிலில் முதலாளியின் மீசை செம்மண் நிறத்தில் இருந்தது. தீபாவளியிலிருந்தே அப்படித்தான் இருந்தது.