இருபத்தைந்து அந்தர்

அன்று அந்த ஏற்றத்தின் அடியில் இருந்தவர்கள் ஆறு பேர். தம்பிராஜாவாகிய நான். என் தம்பி தியாகராஜா, அவன்தான் மாப்பிள்ளை. எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த செல்லப்பாக்கியம். வாடகைக் காரை ஓட்டிவந்த செல்லப்பன். தோட்டத்துச் சிறிய லாரியை ஓட்டிவந்த லெட்சுமணன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, அந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற பேச்சியம்மாள். வேறொருவரும் அங்கே இல்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநான்கு, ஆனி மாதம். மலாயாவில் ரெங்கத்துக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்த விசுவலிங்கத்தாரின் மகள் யோகத்துக்கும் என் தம்பிக்கும் அன்று கலியாணம். முகூர்த்தம் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டே கால் வரை. அது தவறினால் மூன்றாம் நாள் ஆடி பிறந்துவிடும்; பிறகு ஆவணியில்தான் நாள் பார்க்க வேண்டும். இரண்டு வீட்டாரும் ஊர் முழுவதும் சொல்லி அழைத்த கலியாணம் அது.

எங்கள் உறவினர் எல்லாரும் முதல் நாளே ரயிலில் போய்விட்டார்கள். மாப்பிள்ளை காரில் போய் இறங்க வேண்டும் என்று முடிவு செய்தவன் நான். எங்கள் தகப்பனார் இல்லை. அவர் இருந்தால் எப்படிச் செய்திருப்பாரோ அப்படிச் செய்வது என் கடமை. தம்போயிலிருந்து விடியுமுன் புறப்பட்டோம். பத்து மணியளவில், தோட்டத்துக்கு இன்னும் நாலு மைல் இருக்கையில், காரின் கியர்ப் பெட்டிக்குள் சட்டியில் கல் உருட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் ஓடியது. கார் ஓடவில்லை.

செல்லப்பன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். "பல்லு போச்சுங்க ஐயா. பிரேக் நல்லா இருக்கு, ஸ்டியரிங் நல்லா இருக்கு."

"போகாத காருக்கு பிரேக் என்னத்துக்கடா?" என்றாள் செல்லப்பாக்கியம்.

முன்னால் செம்மண் ஏற்றம். இரவு பெய்த மழையில் சிவந்து வழுக்கிக் கிடந்தது. தம்பி பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடந்தே போய்விடலாம் என்றான். சேற்றுக் காலோடு மணவறை ஏறுவதைப் பற்றி நான் சில வார்த்தைகள் சொன்னேன். அவன் திரும்பவும் காருக்குள் ஏறி உட்கார்ந்தான்.

அந்த நேரத்தில்தான் லெட்சுமணனின் லாரி வந்தது. முன்னால் ஓட்டுகிறவனுக்கு மட்டும் இடம், பின்னால் திறந்த தட்டு. தட்டில் தோட்டத்துக் கடைக்குப் போகும் நாலு மூட்டைகள். மூன்று கருவாடு, ஒன்று வெங்காயம்.

"அலமாக்! மாப்பிள்ளை இங்கயா இருக்காரு? அங்க மேளக்காரங்க வந்து உக்காந்தாச்சு!" என்று இறங்கினான். "ஏறுங்கய்யா எல்லாரும். கால் மணியில கொண்டு போய்விட்டுடறேன்."

நான் மூட்டைகளைப் பார்த்தேன். நாங்கள் சைவர். கருவாட்டு மூட்டைமேல் உட்கார்ந்து ஒரு மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலில் இறங்குவது எங்கள் குடும்பத்தில் நடக்காது என்று சொன்னேன்.

"மணக்க மணக்கத்தானே மாப்பிள்ளை வரணும்!" என்றாள் பேச்சியம்மாள்.

"நீ போய்ப் பாலை ஊத்து அக்கா" என்று அவளை அதட்டிவிட்டு, லெட்சுமணன் தட்டிலிருந்து கயிற்றை எடுத்தான். "அப்ப காரையே இழுத்துட்டுப் போயிரலாம். எல்லாரும் கார்லயே உக்காருங்க."

அவன் கயிறு கட்டக் குனிந்த இடத்தில், கொக்கிக்கு மேலே ஒரு பித்தளைத் தகடு இருந்தது. நான் அரசாங்க நில அளவைக் கந்தோரில் அன்று இருபத்திரண்டு வருஷம் வேலை செய்து முடித்தவன். எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விடமாட்டேன். பின்னால் இழுக்கக்கூடியது இருபத்தைந்து, மேலே ஏற்றக்கூடியது ஏழு என்று போட்டு, இரண்டுக்கும் பக்கத்தில் அளவைக் குறிக்கும் மூன்று இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன.

செல்லப்பனிடம் காரின் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். காரின் எடை இருபத்திரண்டு அந்தர்.

"எல்லாரும் ஏற ஏலாது. மூண்டு அந்தர்தான் மிச்சம்" என்றேன்.

"அந்தரா?" என்றான் லெட்சுமணன். "என்னங்கய்யா அந்தரத்துல தொங்குறது?"

"நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல் ஒரு அந்தர். இந்தத் தகட்டிலை இருக்கிறது அதுதான்."

"இல்லீங்கய்யா, அது பிக்குல். இருபத்தஞ்சு பிக்குல். ரெண்டு வருசமா இந்த ரோட்டுல இருபத்தஞ்சு பிக்குல் கட்டை இழுத்துட்டிருக்கேன். ஆபீசுல நம்பரைக் காட்டினாங்க, அந்த மூணு எழுத்தை யாரும் படிச்சுச் சொல்லலை."

மலாயாவில் சாமான் நிறுக்கிறவன் பிக்குலில் நிறுப்பான். ஒரு பிக்குல் நூற்று முப்பத்துமூன்றேகால் இறாத்தலுக்குச் சற்று அதிகம். கணக்குப் பார்த்தேன். இரண்டு வருஷமாக இந்த மனிதன், தகடு அனுமதித்ததற்கு மேல் ஐந்நூற்று முப்பத்துமூன்று இறாத்தலை இழுத்துக்கொண்டிருக்கிறான். அதை அவனிடம் சொன்னேன்.

அவன் பயப்படவில்லை. லாரியின் முகப்பைத் தட்டிக் கொடுத்தான். "பாத்தியா, நீ எவ்வளவு கெட்டிக்காரி! எனக்கே தெரியலை."

"அது கெட்டித்தனம் இல்லை. இன்னும் முறியேல்லை, அவ்வளவுதான்."

"ஐயா, அந்தத் தகடு அடிச்சவன் இந்த மேட்டைப் பாத்திருப்பானா? அவன் சமதரையில வச்சு எழுதியிருப்பான். நான் சத்தத்தைக் கேட்டு ஓட்டுறவன். முனகினா நிறுத்திருவேன். ஏத்தத்துல இழுக்கிறது பெரிசில்லீங்க. அந்தப் பக்கம் எறக்கத்துல பின்னால வர்றது நம்மள முட்டாம இருக்கணும். அதுதான் எனக்கு பயம். அதைத் தகட்டுல போட்டிருக்கானா பாருங்க."

போடவில்லை. ஆனாலும் ஒருவன் தன் பொறுப்பில் எழுதி ஆணி அடித்து வைத்த எண்ணை, என் தம்பி அதன் பின்னால் கட்டப்பட்டிருக்கும்போது, நான் மீற முடியாது. லெட்சுமணன் நல்லவன். அவனுடைய காது நல்ல காது. ஆனால் கயிற்றின் மறுமுனையில் எங்கள் வீட்டுப் பிள்ளை.

மூன்று அந்தர் என்றால் முந்நூற்று முப்பத்தாறு இறாத்தல். செல்லப்பனுக்கு நூற்று முப்பது. அவன் இல்லாமல் காரைத் திருப்ப ஆளில்லை. தம்பிக்கு நூற்றைம்பது. கூறைப்பெட்டி ஐம்பது. ஆறு இறாத்தல் மிஞ்சியது. செல்லப்பாக்கியத்தைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கிறியள் அண்ணை?"

"நீயும் நானும் இறங்கி நடக்க வேணும்."

"என்ரை நிறையை நடுறோட்டிலை நிண்டு சொல்லிப்போட்டியளோ, பிறகு நான் கலியாணத்துக்கே வரமாட்டன்!"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்லாமலே சொல்லுறியள்." அவள் இறங்கினாள். கார் ஒரு பக்கம் எழும்பியது. பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லாரி புறப்பட்டது. கயிறு இறுகியது. கார் பத்தடி நகர்ந்தது. பிறகு லாரியின் பின் சக்கரங்கள் செம்மண்ணில் நின்ற இடத்திலேயே சுற்றின. என் வெள்ளைக் கோட்டின் முன்பக்கம் முழுவதும் சேறு. லெட்சுமணன் நிறுத்தினான், மறுபடி முயன்றான். சக்கரங்கள் பள்ளம் தோண்டினவே தவிர ஏறவில்லை. மணி பத்தரைக்கு மேல் ஆகிவிட்டது.

"முனகுதோ?" என்று கேட்டேன்.

"முனகலை. அவளுக்குப் பலம் இருக்கு, பிடிதான் இல்லை" என்றான் லெட்சுமணன். தலையைச் சொறிந்துகொண்டு, மரியாதையாக வேறு பக்கம் பார்த்தபடி சொன்னான். "பின் சக்கரத்துக்கு மேல கொஞ்சம் கனம் வேணுங்கய்யா."

எல்லாரும் செல்லப்பாக்கியத்தைப் பார்த்தோம்.

"ஆர் கனம் எண்டு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் செல்லப்பாக்கியம்.

"நான் அப்பிடிச் சொல்வேனாங்கம்மா?"

காருக்குள்ளிருந்து தியாகராஜா தலையை நீட்டினான். "அக்கா, எனக்காண்டி."

"உனக்காண்டி எண்டால் பேசாமல் இரு. பட்டு கசங்கப்போகுது" என்று சொல்லிவிட்டு அவள் கொசுவத்தைச் செருகிக்கொண்டாள்.

நான் தகட்டை மறுபடி பார்த்தேன். மேலே ஏற்றக்கூடியது ஏழு அந்தர். மூட்டை ஒவ்வொன்றும் நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல் என்று லெட்சுமணன் சொன்னான். ஒவ்வொன்றிலும் கட்டியிருந்த சீட்டை வாசித்தேன், அது சரி; நாலுக்கும் நாலு அந்தர். மிச்சம் மூன்று அந்தர், முந்நூற்று முப்பத்தாறு இறாத்தல். நான் நூற்று நாற்பது. ஆகவே என் தங்கை நூற்றுத் தொண்ணூற்றாறு இறாத்தலுக்குள் இருந்தாக வேண்டும்.

என் உத்தியோகத்தில் நான் ஒருபோதும் நிறுத்துப் பாராமல், அளந்து பாராமல் ஒரு எண்ணை ஏற்றுக்கொண்டதில்லை. அன்று ஏற்றுக்கொண்டேன். அவள் அதற்கு உட்பட்டவள் என்று முடிவு செய்து, கைகொடுத்துத் தட்டில் ஏற்றினேன். பேச்சியம்மாள் பின்னாலிருந்து தாங்கினாள். வெங்காய மூட்டையைத் தங்கை உட்காரக் கொடுத்தேன். நான் கருவாட்டு மூட்டையில் உட்கார்ந்தேன்.

பின்பக்கம் அமர்ந்தது. சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்றி, மண்ணைக் கடித்தன. லாரி ஏறியது. கார் ஏறியது. பேச்சியம்மாள் கீழேயிருந்து கைதட்டினாள். லாரிக்கு அடியில் ஸ்பிரிங்குகள் ஏதோ சொல்லின. நான் லெட்சுமணனின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நிறுத்தவில்லை.

மேட்டின் உச்சியில்தான் நின்றோம். லெட்சுமணன் இறங்கிப் போய்க் காரின் பக்கத்தில் நின்று சொன்னான். "தம்பி செல்லப்பா, இனிமே உன் கையிலதான் இருக்கு. கயிறு தொங்குச்சுன்னா நீ என்னை முட்டப்போறேன்னு அர்த்தம். பிரேக்கை விட்டுடாத, கயிறு விறைப்பாவே இருக்கணும்."

"புரிஞ்சுதுண்ணே."

இறக்கம் முழுவதும் செல்லப்பாக்கியம் ஒரு கையால் என் தோளையும் மறு கையால் மூட்டையின் காதையும் பிடித்துக்கொண்டு, கயிற்றைப் பார்த்தபடியே வந்தாள். கயிறு ஒரு இடத்திலும் தொய்யவில்லை. "அண்ணை, தகடு சரியோ, லெட்சுமணன் சரியோ?" என்று கேட்டாள்.

"தகட்டுக்கு உள்ளைதான் வாறம்" என்றேன்.

"அப்பிடியே?" என்று என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. அது கலியாணத்துக்குப் போகும் பெண்ணின் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்து வாசலிலிருந்து பெரிய கிராணி வீடு வரை நல்ல சரிவு. வாசலுக்கு வெளியே கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். செல்லப்பன் பிரேக்கை விட்டான். கார் தானாக உருண்டு, மேளம் முழங்க, பந்தலுக்கு முன்னால் போய் மெதுவாக நின்றது. மணி பதினொன்று நாற்பது. விசுவலிங்கத்தார் ஆரத்தித் தட்டுக்குப் பின்னால் வந்து கதவைத் திறந்தார். "நல்ல கார். எஞ்சின் சத்தமே இல்லை" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாராம்.

நான் கிணற்றடியில் கோட்டைக் கழற்றி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் குளித்து, லெட்சுமணன் கொண்டுவந்து கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு மணவறைக்குப் போய்ச் சேர்ந்தேன். தாலி கட்டும்போது பன்னிரண்டு ஐந்து. சாப்பாட்டுப் பந்தியில் லெட்சுமணனை முதல் வரிசையில், என் பக்கத்தில் உட்காரவைத்தேன். அது ஏன் என்று கேட்டவர்களுக்கு, எங்கள் வீட்டு விருந்தாளி என்று மட்டும் சொன்னேன். இலையில் பாயசம் விழும்போது அவன் என் காதில், "இனிமே அந்தர்லயே பாக்கிறேங்கய்யா" என்றான். பிறகு, "ஆனா சத்தத்தையும் கேப்பேன்" என்றான். கேட்கத்தான் வேண்டும் என்றேன்.

அந்தக் கலியாணத்தில் மாப்பிள்ளை கருவாட்டு மூட்டைமேல் உட்கார்ந்து வந்தான் என்று ரெங்கத்தில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. மாப்பிள்ளை காரில் வந்தான். கருவாட்டு மூட்டைமேல் வந்தவன் நான்.